கல்லாங்காட்டுப் பெயர்

1

மருந்துக்கடைச் சன்னலில் உட்கார்ந்திருக்கிற பெண் நலமா என்று கேட்டு முடிப்பதற்குள் அடுத்த கேள்வியைக் கேட்டுவிடுகிறாள். "லாஸ்ட் நேம்?" இந்த நாட்டில் எங்கே போய் நின்றாலும் கடைசிப் பெயரைத்தான் முதலில் கேட்கிறார்கள்.

என்னுடைய கடைசிப் பெயர் எங்கள் வீட்டுக்காரருடைய பெயர். பாஸ்போர்ட் எடுத்தபோது ராமாத்தாள் என்று எழுதி, பக்கத்துக் கட்டத்தில் அவர் பெயரைப் போட்டார்கள். ஊரில் இருந்தவரைக்கும் அது கட்டத்துக்குள்ளேயே கிடந்தது. டெக்ஸாஸில் வந்து இறங்கியதும் அதுவே எனக்குக் குடும்பப் பெயர் ஆகிவிட்டது. மகள் கோகிலாவுக்கும் அதுதான். ஒரு மனுஷனுக்கு அவன் தாத்தா ஆசையாக வைத்த பெயர், மூன்று பேருக்கும் பொதுவாகப் போய்விட்டது.

அந்தப் பெயரை நான் வாய்விட்டுச் சொன்னதில்லை. எங்கள் காங்கயம் பக்கத்தில் என் வயசுப் பெண்கள் யாருமே சொல்லமாட்டார்கள். புருஷன் பெயரைப் பொண்டாட்டி சொன்னால் அவன் ஆயுசு குறையும் என்று சொல்லி வளர்த்தார்கள். அதனால் காரியம் ஒன்றும் கெட்டுப்போகவில்லை. ரேஷன் கடையில் பெயர் கேட்டால் பக்கத்தில் நிற்கிறவள் சொல்லிவிடுவாள். எனக்குப் பக்கத்து வீட்டுச் சரசாள் சொல்வாள். அவள் முறை வந்ததும் அவள் வீட்டுக்காரர் பெயரை நான் சொல்வேன். சொல்லுங்கள் என்று யாரும் யாரையும் கேட்டதில்லை. எங்களுக்குள் சண்டை போட்டுப் பேசாமல் இருந்த மாதத்திலும் சரசாள் அதை மட்டும் சொல்லிவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

நாங்கள் இருக்கிற இர்விங்கில் பக்கத்தில் யாரும் நிற்பதில்லை. தரையில் வட்டம் ஒட்டித் தள்ளித் தள்ளி நிற்கச் சொல்கிறார்கள். ஒருமுறை கோகிலா காரிலிருந்தபடியே ஆபீஸ் போனில் பேசிக்கொண்டிருந்தாள். நான் மட்டும் உள்ளே போனேன். அந்தப் பெண் லாஸ்ட் நேம் என்றாள். நான், ஊரில் யாராவது கேட்டால் சொல்வதுபோல, "கோகிலா அப்பா" என்று சொன்னேன். அவள் டக் டக்கென்று அடித்துக்கொண்டாள். அன்றிலிருந்து கம்ப்யூட்டரில் நான் மிஸஸ் அப்பா. இன்சூரன்ஸ்காரர்கள் அப்படி ஒரு ஆளே கிடையாது என்று சொல்லிவிட்டார்கள். கோகிலா ஒரு மத்தியானம் முழுக்கப் போனில் பாட்டுக் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்து அதைச் சரி செய்தாள்.

வீட்டுக்காரர் அப்போது இருந்தார். நாற்காலியில் சாய்ந்தபடி சிரித்தார். "நல்லாத்தான இருக்குது, மிஸஸ் அப்பா. அட, பேரச் சொல்லிப்போடு புள்ள. எனக்கு இனிமேத்துக்குக் கொறைஞ்சா எத்தன கொறையப் போவுது?"

"வாயக் கழுவுங்க" என்றேன் நான்.

போன வருஷம் பங்குனியில் இந்த ஊர் ஆஸ்பத்திரியிலேயே போய்ச் சேர்ந்தார். 

2

வருஷத் திவசம் நெருங்க நெருங்க எனக்கு ஓரிடத்தில் உட்காரப் பிடிக்கவில்லை. சன்னல் தட்டியை ஏற்றுவேன், இறக்குவேன். மடித்த துணியைப் பிரித்து மறுபடி மடிப்பேன். அபார்ட்மெண்டைச் சுற்றி நடக்கப் போனால் அஞ்சல் பெட்டி வரைக்கும் போய், எதற்கு வந்தோம் என்று நின்றுவிட்டுத் திரும்புவேன். மூன்றாம் வகுப்போடு நின்றவள் நான். எழுத்துக் கூட்டிக் கூட்டி இதை எழுத உட்கார்ந்ததுகூடக் கைக்கு ஏதாவது வேலை வேண்டும் என்றுதான். பிழையைக் காங்கயத்திலிருக்கும் என் தங்கை மகள் திருத்திக்கொள்வாள்.

திவசத்தன்று அவருக்குப் பிடித்த கொள்ளுப் பருப்பு, ஒப்புட்டு, எள்ளுருண்டை எல்லாம் இலையில் வைத்தோம். காக்காய்க்கு வைக்கப் பால்கனிக்குப் போனால் ஒரு கறுப்புப் பறவை வந்தது. காக்காய் மாதிரிதான் இருந்தது. கத்தினது மட்டும் வேறு மாதிரி. தின்றது, அது போதும்.

சாப்பிட்டு முடித்து இலையை எடுக்கும்போது கோகிலா சொன்னாள். அவளுக்கு நாற்பது வயது. ரொம்ப நாள் கல்யாணமே வேண்டாம் என்றிருந்தவள், இப்போது தன்னோடு வேலை பார்க்கும் மார்க்கைக் கட்டிக்கொள்ளப் போகிறாள். மார்க்கை எங்களுக்குத் தெரியும். ஆஸ்பத்திரியில் இவள் அப்பாவைத் தூக்கி உட்காரவைத்ததும் தாடி மழித்துவிட்டதும் அவன்தான். அதில் எனக்குக் குறை ஒன்றும் இல்லை.

"அம்மா, ஒண்ணு சொல்லோணும். மேரேஜுக்கு அப்பறம் லாஸ்ட் நேம் சேஞ்ச் பண்ணிக்கலாம்னு இருக்கேன். ஸ்டைன்காம்ப்னு."

ஸ்டைன்காம்ப் என்பது மார்க் வீட்டாருடைய பெயர். ஜெர்மனியிலிருந்து வந்த குடும்பம்.

"எதுக்கு அம்மிணி?"

"எல்லாம் ஒரே பேரா இருந்தா ஈசிம்மா. இன்சூரன்ஸ், ஹவுஸ் லோன்..."

"அப்ப உங்கப்பன் பேரு?"

"அது அப்பா பேருதானம்மா, எம் பேரில்லையே. ஆபீஸ்ல மெயில் வர்றது அப்பா பேருக்கு. மீட்டிங்ல மிஸ்னு போட்டு அப்பா பேரச் சொல்லிக் கூப்பிடறாங்க, நான் எந்திரிச்சு நிக்கறேன். அவரு இருந்தப்ப சிரிப்பா இருந்துச்சு. இப்பக் கேக்க முடியல. யாரோ அவரக் கூப்பிட்டு, அவரு வராம நான் போய் நிக்கற மாதிரி."

நான் இலையை மடித்தேன். எங்களை நோக்கி மடிப்பதா வெளியே மடிப்பதா என்றுகூட அப்போது ஞாபகம் வரவில்லை.

மனசு ஒரே இடத்தில் முட்டிக்கொண்டு நின்றது. இவள் விட்டுவிட்டால் இந்த நாட்டில் அந்தப் பெயருக்கு மிச்சம் இருக்கப் போகிறவள் நான் ஒருத்திதான். அதை வாயில் எடுக்காதவளும் நான்தான். அப்புறம் யார் சொல்வது?

அதைச் சொல்லாமல் வேறொன்று கேட்டேன். "அவிங்க பேருக்கு என்ன அர்த்தம்? என்ன கூட்டமாம்?"

எங்கள் பக்கம் கூட்டம் என்றால் அப்பன் வழி வரும் வம்சம். சம்பந்தம் பேசும்போது முதலில் கேட்பதே அதைத்தான். பெண் கல்யாணமானதும் புருஷன் கூட்டத்துக்குப் போய்விடுவாள். நானும் போனவள்தான். ஆனால் என் பெயரை யாரும் மாற்றச் சொல்லவில்லை.

"கூட்டம் எல்லாம் கேட்டா என்னன்னு டிரான்ஸ்லேட் பண்றது? அர்த்தம் வேணாக் கேட்டுச் சொல்றேன்" என்றாள் கோகிலா.

3

ஞாயிற்றுக்கிழமை மார்க்கே வந்து சொன்னான். அவன் இங்கிலீஷில் சொல்ல, கோகிலா தமிழில் சொன்னாள். ஸ்டைன் என்றால் கல்லாம். காம்ப் என்றால் வேலி கட்டின விளைநிலம், நம் ஊரில் வெள்ளாமைக் காடு என்கிறோமே அது.

"கல்லாங்காடா?" என்றேன்.

"ஆமாம்மா" என்ற கோகிலாவுக்கு அதற்குப் பிறகுதான் உறைத்தது. என்னைப் பார்த்தாள். நான் அவளைப் பார்த்தேன்.

எங்கள் வீட்டுக்காரர் குடும்பத்தைக் கல்லாங்காட்டார் என்பார்கள். எங்கள் பக்கம் குடும்பத்துக்குக் காட்டின் பெயர்தான் நிற்கும். நான் பிறந்தது கெணத்துத் தோட்டத்தார் வீடு. இரண்டு கிணறு, மஞ்சளும் கரும்பும் விளைகிற மண். என்னைப் பெண் கேட்டு வந்தபோது என் அப்பா, "கல்லாங்காட்டுக்கா புள்ளையக் குடுக்கறது? கல்லத் திங்கவா?" என்று கேட்டே விட்டார். அவர் சொன்னதில் தப்பில்லை. அந்தக் காட்டில் கொள்ளும் கம்பும் வரும், மழை பெய்தால். மழை இல்லாவிட்டால் கல்தான் வரும். பொறுக்கி வரப்பில் போட்டால் அடுத்த உழவுக்கு மறுபடி வந்து நிற்கும். 

நாலைந்து வருஷத்தில் அதை விட்டுவிட்டுக் காங்கயத்தில் கொப்பரைக் களம் போட்டோம். தேங்காயை உடைத்துக் காய வைக்கிற களம். அவர் வியாபாரம் பார்ப்பார். களத்தை நான் பார்ப்பேன். மழை இருட்டினால் ஆட்களைக் கூப்பிட வேண்டும். நான் இந்தக் கோடியில் நின்று குரல் கொடுத்தால் அந்தக் கோடியில் தேங்காய் உரிக்கிறவன் கடப்பாரையைப் போட்டுவிட்டு ஓடி வருவான். அப்படி ஒரு குரல் எனக்கு.

களத்து வாசலில் அவர் பெயரைப் பெரிசாக எழுதிப் பலகை மாட்டினார். பச்சை எழுத்து. "இனிமே எவனும் கல்லாங்காட்டான்னு சொல்லக் கூடாது, பேரச் சொல்லோணும்" என்பார். யார் கேட்டார்கள்? பலகைக்குக் கீழே நின்றுகொண்டே "கல்லாங்காட்டார் இருக்காருங்களா?" என்று விசாரிப்பார்கள். அவர் உள்ளே இருந்துகொண்டே இல்லை என்பார்.

அப்பேர்ப்பட்ட மனுஷனுடைய மகள், அவர் பெயரை விட்டுவிட்டுக் கல்லாங்காட்டுக்கே திரும்பப் போகிறேன் என்கிறாள். கோகிலாவுக்குச் சிரிப்பு தாங்கவில்லை. மார்க் எங்களை மாறி மாறிப் பார்த்தான். அவனுக்கு விளக்கிச் சொல்ல அரைமணி நேரம் ஆனது.

எல்லாம் கேட்டுவிட்டு அவன் சொன்னது: "அடுத்த மாசம் எங்க ரீயூனியன். ஸ்டைன்காம்ப் எல்லாரும் வருவாங்க. லோரீன் ஆன்ட்டிகிட்டக் கேளுங்க. எங்க பேர் பத்தி அவங்களுக்குத்தான் முழுசாத் தெரியும்."

4

இர்விங்கிலிருந்து தெற்கே காரில் பாதி நாள். ஃப்ரீவேயில் லாரிகளுக்கு நடுவே போய், மலைப்பக்கம் திரும்பியதும் சாலை சின்னதாகிவிட்டது. ஆட்டுப் பட்டி, பீச் பழக் கடை, குட்டை குட்டையாக ஓக் மரம். நான் பார்த்துக்கொண்டே வந்தது தரையைத்தான். வெள்ளைக் கல். புல்லுக்கு நடுவில், வேலியோரத்தில், ஓடையில், எங்கே பார்த்தாலும் கல். கல்லை அடுக்கியே வேலி கட்டியிருந்தார்கள்.

"கல்லாங்காட்ட உட்டுப்போட்டுக் கப்பலேறி இந்தக் கல்லாங்காட்டுக்கா வந்தாங்க?" என்றேன். கோகிலா அதை மொழிபெயர்த்துச் சொன்னதும் மார்க் ஸ்டீரிங்கைத் தட்டிச் சிரித்தான். அவன் அப்பாவும் இதையேதான் சொல்வாராம்.

கூட்டம் நடந்தது ஒரு பழைய மரக் கொட்டகையில். மேலே மின்விசிறி, நீள நீள மேசை, வெளியே புகை போட்டு மாட்டுக்கறி வாட்டிக்கொண்டிருந்தார்கள். மாட்டுக்கறி தின்னாத எனக்கென்று உருளைக்கிழங்கும் ஊறுகாயும் தனியாக வைத்திருந்தார்கள். கைக்குழந்தை முதல் சக்கர நாற்காலிக் கிழவர் வரை முக்கால்வாசிப் பேருக்கு ஒரே கடைசிப் பெயர். எங்கள் குலதெய்வம் கோயிலில் கூட்டத்தார் எல்லாரும் சேர்ந்து கிடாய் வெட்டுகிற நாள் இப்படித்தான் இருக்கும். சமையல் செய்கிறவர்களை யோசனை சொல்லியே கொல்கிற மாமன்மார்கூட அப்படியே இருந்தார்கள்.

வாசலில் ஒருவர் பெயரெழுதி ஒட்டிக்கொண்டிருந்தார். என்னைக் கேட்டார். கோகிலா முந்திக்கொண்டு சொல்லிவிட்டாள். அவர் எழுதி என் சேலையில் ஒட்டினார். கல்யாணமான நாளாக வாயில் எடுக்காததை மாரில் ஒட்டிக்கொண்டு நின்றேன். முந்தானையை இழுத்து மூடலாமா என்று கை போனது. மூடவில்லை. எங்கள் வீட்டுக்காரருக்குப் பலகை பிடிக்கும்.

லோரீன் என்னைவிட மூத்தவள். மார்க்குக்கு அப்பாவின் அத்தை முறை. கல்யாணம் செய்துகொள்ளாதவள், அதனால் பிறந்த பெயரிலேயே இருக்கிறாள். கைத்தடியை மேசையில் சாத்திவிட்டு எனக்கு இடம் விட்டாள். கோகிலா நடுவில் உட்கார்ந்துகொண்டாள். 

நான் நேராகவே கேட்டேன். "உங்க பேரு எங்கிருந்து வந்துச்சுங்க?"

அந்தக் கேள்வியைக் கேட்பதற்கு ஆள் வராதா என்று காத்திருந்தவள்போல லோரீன் சொல்ல ஆரம்பித்தாள். கோகிலா மூச்சு வாங்கிக்கொண்டே மொழிபெயர்த்தாள். 

அவர்கள் வந்த பக்கத்திலும் குடும்பத்துக்குக் காட்டின் பெயர்தானாம். கல்லாங்காட்டில் இருப்பவன் கல்லாங்காட்டான், சதுப்பில் இருப்பவன் சதுப்பன். ஆள் மாறலாம், காட்டின் பெயர் மாறாது. கல்லாங்காட்டு வீட்டில் ஆண் வாரிசு இல்லாமல் அன்னா என்று ஒரு பெண் மட்டும் இருந்தாள். அவளை ஹின்ரிக் என்று ஒரு கூலிக்காரன் கட்டிக்கொண்டு அந்த வீட்டுக்கே போனான். போன அன்றே அவனும் கல்லாங்காட்டான் ஆகிவிட்டான். பிறந்தபோது அவன் குடும்பத்துக்கு இருந்த பெயர் கழன்று விழுந்துவிட்டது. அவன் பேரன்தான் கப்பலேறி டெக்ஸாஸுக்கு வந்தவன்.

"வூட்டோட மாப்பிள்ளையா?" என்றேன்.

கோகிலா அதைச் சொல்வதற்குள் லோரீனுக்கு என் முகத்திலேயே விளங்கிவிட்டது. "யெஸ், மேம்" என்றாள்.

அதற்குப் பிறகும் அந்தப் பெயர் சும்மா இருக்கவில்லை. ஜெர்மனியோடு சண்டை வந்த காலத்தில் இங்கே ஜெர்மன் பெயர் வைத்திருந்தவனை எல்லாரும் முறைத்துப் பார்த்தார்களாம். ஒரு அண்ணன் பயந்துபோய்க் கடைப் பலகையில் ஸ்டோன் என்று மாற்றி எழுதிக்கொண்டான். தம்பி மாட்டேன் என்றான். இரண்டு பேரும் சாகும்வரை பேசிக்கொள்ளவில்லை. "அதோ, அந்தக் கடைசி மேசையில இருக்கறவங்க ஸ்டோன்ஸ்" என்று கைத்தடியால் காட்டினாள் லோரீன். "சாப்பாட்டுக்கு மட்டும் கரெக்டா வந்துடுவாங்க." அந்த மேசையிலிருந்து ஒருவர் கையசைத்தார்.

எனக்கு அந்த ஹின்ரிக்கை விட்டு மனசு நகரவில்லை. வழி ஒன்று கிடைத்துவிட்டதுபோல் இருந்தது.

"அப்படின்னா மார்க் எங்க பேர எடுத்துக்கட்டும். அவிங்க மூத்தவரு செஞ்சதுதான?"

"அம்மா" என்றாள் கோகிலா.

"நாஞ் சொன்னபடியே சொல்லு அம்மிணி. கூட்டிக் கொறைச்சுச் சொல்லாத."

சொன்னாள். லோரீன் மேசையைத் தட்டிச் சிரித்துவிட்டு, கறி வாட்டும் இடத்திலிருந்து மார்க்கைக் கூப்பிட்டாள். அவன் ஏப்ரனோடு வந்து நின்றான். விஷயத்தைக் கேட்டான். சிரிக்கவில்லை. "ஓகே. நான் எடுத்துக்கிறேன்" என்றான்.

இத்தனை சுலபமாக முடியும் என்று நான் நினைக்கவில்லை. ஆனால் கோகிலாவுக்கு முகம் சிவந்துபோனது.

"ஒருத்தருமே என்னையக் கேக்க மாட்டீங்களா? எனக்கு அந்தப் பேரக் கேக்க முடியலைன்னுதான சொன்னேன். இவரு அதத் தூக்கிட்டு வந்தா நான் தெனமும் கேக்கோணும். எனக்கு அப்பா வேணும்மா, அப்பா பேரு வேண்டாம்."

மார்க் அவள் தோளில் கை வைத்தான். நான் என் உருளைக்கிழங்கைப் பார்த்தேன். அந்த வழி அதோடு அடைபட்டது. அவள் சொன்னதும் நியாயம்தான். எனக்குப் புகைச்சல் அடங்கவில்லை என்பதும் நிஜம்தான்.

கொஞ்ச நேரம் கழித்து லோரீனிடம் கேட்டேன். "அந்த ஹின்ரிக்குக்கு முன்னால இருந்த பேரு என்ன?"

லோரீன் சிரிப்பை நிறுத்தினாள். தெரியாது என்றாள். வயசில் இருந்தபோது ஜெர்மனிக்கே போய்த் தேடினாளாம். காடு அப்படியே இருக்கிறது, கல்லும் இருக்கிறது, வேறு யாரோ சோளம் போட்டிருக்கிறார்கள், அந்த இடத்துக்கு இன்றைக்கும் அதே பெயர்தான். அந்த மனுஷன் பிறந்த பெயரை மட்டும் யாருக்கும் சொல்லத் தெரியவில்லை. "ஒரு சண்டையும் இல்ல, ஒருத்தரும் அழிக்கல. சொல்றத நிறுத்திட்டாங்க, அவ்வளவுதான்."

அதனால்தான் அவர்கள் கூட்டத்தில் ஒரு வழக்கம். அந்த வருஷம் செத்துப்போனவர்களுடைய பெயரைச் சாப்பாட்டுக்கு முன்னால் முழுசாகச் சொல்லவேண்டும். பொண்டாட்டி இருந்தால் பொண்டாட்டிதான் சொல்லவேண்டும். அவள் சொல்ல, கொட்டகையில் இருக்கிற எல்லாரும் திருப்பிச் சொல்வார்கள்.

"வரப்போற மருமகளோட அப்பா எங்காளுதான். வருஷம் தாண்டினாலும் பரவாயில்ல, இன்னைக்கு உங்க வீட்டுக்காரர் பேரும் உண்டு. நீங்கதான் சொல்லணும்" என்றாள்.

முடியாது என்றேன். ஏன் முடியாது என்று கோகிலா எடுத்துச் சொன்னாள். லோரீன் என்னை உற்றுப் பார்த்தாள். பரிகாசம் செய்வாளோ என்று நினைத்தேன். செய்யவில்லை.

"அப்ப உங்க ஊர்ல பேர் கேட்டா என்ன செய்வீங்க?"

"பக்கத்துல நிக்கறவ சொல்லுவா."

லோரீன் கைத்தடியை எடுத்துக்கொண்டாள். "சரி. நான் உங்க பக்கத்துல நிக்கறேன்."

5

கோகிலா அவளுக்குச் சொல்லிக்கொடுத்தாள். லோரீன் உதட்டை அசைத்து அசைத்துப் படித்தாள். என் சேலையில் ஒட்டியிருந்ததை ஒரு கண்ணால் பார்த்துக்கொண்டாள். சரசாளுக்கு இத்தனை கஷ்டம் இருந்ததில்லை.

கொட்டகை அமைதியானது. முதலில் ஒரு நடுவயசுப் பெண் எழுந்து தன் புருஷன் பெயரைச் சொன்னாள். எல்லாரும் திருப்பிச் சொன்னார்கள். மரக்கூரையில் பட்டு வந்தது அந்தச் சத்தம். பிறகு ஒரு கிழவர் தன் மனைவி பெயரைச் சொன்னார், இரண்டாம் எழுத்திலேயே நிறுத்தி மறுபடி தொடங்கினார். ஸ்டோன் மேசையிலிருந்து ஒருவர் சொன்னார். அவருக்கும் எல்லாரும் சொன்னார்கள்.

பிறகு லோரீன் எழுந்தாள். நானும் எழுந்து பக்கத்தில் நின்றேன். அவள் என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னாள்.

அவள் மேல் குற்றமில்லை. பாவம், முயற்சி செய்தாள். ஆனால் வந்தது அவர் பெயர் இல்லை. நடுவில் இரண்டாக ஒடித்து, முதல் பாதியை நீட்டி, பின்பாதியை விழுங்கிவிட்டாள். சந்தையில் ஏதோ மருந்தின் பெயர் சொல்வதுபோல் இருந்தது.

கொட்டகை முழுக்க அதையே திருப்பிச் சொன்னது. இத்தனை பேர், ஒரே குரலில், தப்பாக.

பச்சை எழுத்துப் பலகையும், அதற்குக் கீழே நின்று வேறு பெயரில் விசாரித்தவர்களும், உள்ளே இருந்துகொண்டே இல்லை என்ற அவரும் கண்ணில் வந்து நின்றார்கள். இங்கேயுமா இன்னொரு பெயரில் கூப்பிடுவது? இதோடு முடித்துக்கொண்டு எல்லாரும் சாப்பிடப் போய்விடுவார்கள். இந்த ஊரில் அவர் இனி இந்த ஒடிந்த பெயர்தானா?

"இல்லீங்" என்றேன்.

கரண்டியை எடுத்தவர்கள் நிறுத்தினார்கள். கோகிலா என்னைப் பார்த்தாள். லோரீன் என் கையை விடவில்லை.

சொன்னேன். இத்தனை காலம் உள்ளே இருந்ததால் மெல்ல வரும் என்று நினைத்திருந்தேன். களத்தில் மழைக்கு ஆள் கூப்பிடுகிற குரலில் வந்தது. முழுப் பெயர், இன்ஷியலோடு, ஓர் எழுத்து விடாமல்.

எல்லாரும் திருப்பிச் சொன்னார்கள். முன்னைக்கு இப்போது தேவலை, ஆனால் வால் இன்னும் வளைந்திருந்தது. விடுவேனா? கையைத் தூக்கி நிறுத்திவிட்டு, துண்டு துண்டாக இன்னொருமுறை சொன்னேன். அவர்களும் துண்டு துண்டாகச் சொன்னார்கள். கடைசி மேசை ஸ்டோன்கள்தான் எல்லாரையும்விடச் சரியாகச் சொன்னார்கள். சேர்த்துச் சொல்லும்போது எனக்குப் பக்கத்திலிருந்து ஒரு குரல் கேட்டது. கோகிலா. கேட்க முடியவில்லை என்றவள், அழுதுகொண்டே, சரியாகச் சொன்னாள்.

உட்கார்ந்த பிறகு மூக்கைத் துடைத்துக்கொண்டு, "ஆயுசு கொறைஞ்சிருமேம்மா" என்றாள்.

"அவரு இருந்தா இந்நேரம் சிரிச்சே கொறைஞ்சிருப்பாரு" என்றேன்.

லோரீன் என் தட்டில் தன் பங்கு ஊறுகாயையும் வைத்தாள். "நான் நல்லாத்தான் சொன்னேன்னு நினைச்சேன்" என்றாள். "நீங்க பக்கத்துல நின்னீங்க, அது போதுமுங்க" என்றேன். கோகிலா மொழிபெயர்க்கவில்லை. லோரீனும் கேட்கவில்லை.

கிளம்பும்போது கார் நிறுத்துமிடத்தில் யார் யாரோ வந்து கைகுலுக்கினார்கள். மிஸஸ் என்று போட்டு, அந்தப் பெயரைச் சொல்லி, சரிதானா என்று என் முகத்தைப் பார்த்தார்கள். சரியாக இருந்தவர்களுக்குத் தலையசைத்தேன். இல்லாதவர்களை இன்னொருமுறை சொல்ல வைத்தேன். மார்க் காரைக் கிளப்பிவிட்டுப் பொறுமையாக உட்கார்ந்திருந்தான்.

6

கல்யாணம் கோர்ட்டில் முடிந்தது. கோகிலா இப்போது ஸ்டைன்காம்ப். இரண்டு ஆபீசுக்கு அலைந்து, ஒரு கவுண்டரில் போட்டோ சரியில்லை என்று திருப்பி அனுப்ப, ஒரு வழியாகப் புது அட்டை வந்தது. காட்டினாள். பார்த்துவிட்டுக் கொடுத்தேன். வருத்தம் இல்லை என்று சொன்னால் பொய். ஆனால் அவளை இப்போது மீட்டிங்கில் கூப்பிட்டால் அவளே எழுந்து நிற்கிறாளாம். அவளுக்கு அது நல்லதுதான்.

கால் இன்னும் ஓரிடத்தில் நிற்கமாட்டேன் என்கிறது. சன்னல் தட்டியை ஏற்றி இறக்குவது நிற்கவில்லை. முன்பு வாயில் வராத பெயர் இப்போது வாயில் சும்மா கிடக்க மாட்டேன் என்கிறது. பாத்திரம் கழுவும்போது வருகிறது, அஞ்சல் பெட்டி வரை நடக்கும்போது வருகிறது. மருந்துக்கடைப் பெண் போன வாரம் வழக்கம்போலக் கேட்டாள். சொன்னேன். அவள் நிமிர்ந்து பார்த்துவிட்டு, அவ்வளவு சத்தம் வேண்டாம், காது கேட்கும் என்றாள்.

இதைப் படிக்கிறவர்கள், அது என்ன பெயர் என்று கேட்பீர்கள். வாயால் சொல்லியாயிற்று; எழுத மாட்டேன். அந்த ஒன்றையாவது பாக்கி வைத்துக்கொள்கிறேன். டெக்ஸாஸ் மலைப்பக்கம் வர நேர்ந்தால், கல் வேலி போட்ட எந்த வீட்டிலாவது கதவைத் தட்டி ஸ்டைன்காம்ப் ஆட்களா என்று விசாரியுங்கள். ஸ்டோன் என்றாலும் பரவாயில்லை. அவர்களைக் கேளுங்கள், சுத்தமாகச் சொல்வார்கள்.